பின்லாந்துக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஹெல்சின்கியில் முதுகலை படிக்கிறேன். எல்லோரும் குளிரைப் பற்றியே கேட்கிறீர்கள். நல்ல கோட்டு இருந்தால் அது பழகிவிடும். இருட்டுதான் சிரமம். டிசம்பரில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் வரும், மூன்றேகாலுக்கு மஃரிப். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். பக்கத்து அறைக்காரர் பேசவில்லையே என்று முதலில் வருந்தினேன். தொந்தரவு செய்யாமலிருப்பது அங்கே மரியாதை.

பெற்றோருக்கு ஒன்று. ஐரோப்பியரல்லாத மாணவர்களுக்கு ஆங்கிலவழிப் படிப்பில் 2017 முதல் கட்டணம் உண்டு. வாரம் சராசரி 30 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் பின்னிஷ் தெரியாமல் வேலை கிடைப்பது அரிது. எனக்கு ஏழு மாதமாயிற்று. கிடைத்ததும் துப்புரவு வேலைதான். "பகுதிநேர வேலையிலேயே ஃபீஸ் கட்டிவிடலாம்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். முதல் வருடச் செலவு முழுவதும் கையில் இருந்தால் அனுப்புங்கள். தம்பிகளே, பின்னிஷை இங்கேயே படிக்கத் தொடங்குங்கள்.