கேட்ட விலையும் கொடுத்த விலையும்

(நம் சங்கத்தின் பெங்களூர்க் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஸஹஸ்ரநாம பாராயணம் முடிந்து, சுண்டல் விநியோகத்துக்கு முன்னால் இருபது நிமிஷம் எனக்கு ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். "ஸார், வீடு வாங்குவதில் பேரம் பேசுவது எப்படி என்று சொல்லுங்கள். நம்மில் பல பேருடைய குழந்தைகள் இப்போது அதில்தான் இறங்கியிருக்கிறார்கள்" என்றார். நான் வக்கீலும் இல்லை, தரகரும் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய ஸர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன். சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். பெண்ணுக்கு ஒரு ஃப்ளாட் வாங்கிக் கொடுப்பதில் கூட இருந்திருக்கிறேன். இந்த இரண்டு அனுபவம்தான் என் மூலதனம்.

நம்மவர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. காந்தி பஜாரில் ஒரு கட்டு கொத்தமல்லிக்குப் பத்து நிமிஷம் பேரம் பேசுவோம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, "சரி, யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்துவிடுவோம். குறைத்துக் கேட்டால் அவர்கள் மனம் புண்படுமோ என்று கூச்சம். விற்பவர் சொல்லும் விலை வேத வாக்கு அல்ல, பேச்சை ஆரம்பிப்பதற்கு ஒரு எண். அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். 1996-ம் வருஷம். பனசங்கரியில் முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு தரைத்தள வீடு. விற்றவர் ஓய்வு பெற்ற கன்னடப் பெரியவர். 9 லட்சத்து 50 ஆயிரம் கேட்டார். என்னிடம் அலுவலக வீட்டுக் கடன், பி.எஃப்., ஆத்துக்காரியின் இரண்டு ஜோடி வளையல் எல்லாம் சேர்த்து எட்டரைக்கு மேல் போக வழியில்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவிலேயே சுற்றினேன். முந்தின வருஷம் வீடு விற்றவர்கள், வாங்கியவர்கள் என்று மூன்று பேரைப் போய்ப் பார்த்தேன். கேட்டால் யாரும் அடிக்க வரவில்லை, காபி கொடுத்து விலையும் சொன்னார்கள். ஒரு மேஸ்திரியை அழைத்துக் கொண்டு போய் வீட்டைக் காட்டினேன். மொட்டை மாடி ஒழுகல், பழைய ஒயரிங், சம்ப் கிடையாது. எழுபதாயிரம் செலவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் பெரியவரிடம் உட்கார்ந்து, "எட்டு லட்சம் தர முடியும்" என்றேன். மேஸ்திரியின் தாளையும் முன்னால் வைத்தேன்.

ஐந்து நிமிஷம் அவர் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. இந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பல பேர் தாங்களே ஐம்பதாயிரம் ஏற்றிச் சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் அவர், "எட்டே முக்கால். அதில் மூன்று லட்சம் ரொக்கம்" என்றார். அந்தக் காலத்தில் அது சகஜமாக நடந்த விஷயம். நான், "ஸார், 1964-ம் வருஷத்து நடத்தை விதிகளின்படி வீடு வாங்குவதை ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், பணம் எங்கிருந்து வந்தது என்றும் காட்ட வேண்டும். என்னிடம் கறுப்பு ஒரு ரூபாய்கூடக் கிடையாது" என்றேன். பிறகு பேச்சுவாக்கில், மைசூரில் அவர் பிள்ளையின் வீடு கட்டி முடிய இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை எங்கே போவது என்பதுதான் அவர் கவலை என்று தெரிந்தது. "பதிவுக்கு அப்புறமும் மூன்று மாதம் வாடகை இல்லாமல் இருங்கள். 8 லட்சத்து 40 ஆயிரம், அத்தனையும் செக்" என்றேன். சம்மதித்தார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. விலை ஒன்றுதான் பேரத்தின் பொருள் என்று நினைக்கக் கூடாது. எப்போது காலி செய்வது, பணம் எவ்வளவு சீக்கிரம் வரும், கடன் கையில் தயாரா, அலமாரியும் மின்விசிறியும் யாருக்கு, இவை எல்லாமே பேரம்தான். எதிராளிக்குப் பெரிய விஷயமாக இருப்பது நமக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும்.

சயன்ஸ் படித்தவன் என்பதால் ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். 1987-ல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்து டூசான் நகரில், வீட்டுத் தரகர்களை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போய் மதிப்புப் போடச் சொன்னார்கள். வீடு ஒன்றே. ஆனால் விற்பவர் கேட்கும் விலை என்று ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு எண்ணைக் கொடுத்தார்கள். அதிக எண்ணைப் பார்த்தவர்கள் அதிகமாகவும், குறைந்த எண்ணைப் பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். தொழில் தெரிந்த தரகர்களே அப்படி! அதே சமயம், கேட்ட விலையை வைத்து மதிப்பிட்டதாக அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக் கொள்ளவில்லை. ஆகவே அவர்கள் எண்ணைக் காதில் வாங்குவதற்கு முன்னால் நம் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். நான் எழுதிய எண் எட்டரை. அதைத் தாண்டவில்லை.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். 2025 டிசம்பரில் என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜே.பி. நகரில் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கினார்கள். கேட்ட விலை 1 கோடியே 18 லட்சம். மாப்பிள்ளை முதல் நாளே விற்பவர் எதிரில், "பால்கனி பிரமாதம், அம்மாவுக்குத் துளசி வைக்க இதுதான் இடம்" என்று சொல்லிவிட்டார். அங்கேயே இரண்டு லட்சம் போச்சு என்று நினைத்துக் கொண்டேன்! ஆனால் விற்பவருக்குப் புனேவுக்கு மாற்றல், வங்கிக் கடன் வேறு பாக்கி. நாங்கள் கடன் அனுமதிக் கடிதத்தோடு போனோம். அதே கட்டடத்தில் சமீபத்தில் பதிவான விலையையும் விசாரித்திருந்தோம். 1 கோடியே 8 லட்சத்துக்கு முடிந்தது.

இந்தப் பத்து லட்சத்தில் ஒரு உபரி லாபம் உண்டு. கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அதன் மேல் செஸ்ஸும் ஸர்சார்ஜும் சேர்ந்து நகரத்தில் 5.6 ஆகிறது. பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்ததை 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 ஆக்கிவிட்டார்கள். மொத்தம் 7.6 சதவீதம். 1 கோடியே 8 லட்சத்துக்கு 8,20,800 ரூபாய் கட்டினார்கள். கேட்ட விலைக்கே வாங்கியிருந்தால் இன்னும் 76,000 போயிருக்கும்.

ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸர்க்கார் ஒரு தரை போட்டு வைத்திருக்கிறது. அதற்கு வழிகாட்டி மதிப்பு என்று பெயர். பெங்களூரில் 2023 அக்டோபரில் அதைத் திருத்தி ஏற்றினார்கள். நாம் பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன் பேரில்தான் முத்திரைத் தீர்வை. அதைவிட முக்கியமானது வருமான வரி. இது எல்லா மாநிலத்துக்கும் பொது, ஆகவே மற்ற ஊர் அங்கத்தினர்களும் கவனிக்க வேண்டும். வழிகாட்டி மதிப்பு 92 லட்சம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஸாமர்த்தியமாகப் பேசி 80 லட்சத்துக்கு முடித்துவிட்டீர்கள். வித்தியாசம் 12 லட்சம். நீங்கள் கொடுத்த விலையில் 10 சதவீதம், அதாவது 8 லட்சம் வரை வித்தியாசம் இருந்தால் சட்டம் கண்டுகொள்ளாது. அதைத் தாண்டினால் 12 லட்சம் முழுவதும் உங்கள் வருமானமாகக் கருதப்படும்! அதையே 84 லட்சத்துக்கு முடித்திருந்தால் வித்தியாசம் 8 லட்சம், வரம்பு 8.4 லட்சம், தொந்தரவு இல்லை. விலை பேசப் போகும் முன் இந்த மதிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

ரொக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "பாதி கையில் கொடுங்கள், விலையைக் குறைக்கிறேன்" என்று இன்றும் சிலர் கேட்பார்கள். 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்கு 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது சட்ட விரோதம். வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். பெங்களூர்ச் சொத்து ஒன்றுக்கு 75 லட்சம் ரொக்கமாக முன்பணம் கொடுத்ததாகச் சொல்லி வழக்குப் போட்டவர் விஷயத்தில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கொடுத்ததாக வழக்கில் சொன்னால் நீதிமன்றம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. விலை 50 லட்சமோ மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கே வேறு. அதற்கு ஆடிட்டரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்றால்தான் ஒப்பந்தம். நாம் குறைத்துக் கேட்ட உடனே அது நம்முடைய புதுப் பேச்சாகிவிடுகிறது. "சரி, முதலில் சொன்ன விலைக்கே தருகிறேன்" என்று திரும்பிப் போனால், அவர் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த வீடு இல்லாவிட்டால் இன்னொன்று என்ற மனநிலை இல்லாதவர்கள் ரொம்பவும் இழுக்கக் கூடாது. மூலப் பத்திரம், ஈ.சி., வரி ரசீது, ஈ-காதா இவற்றை வக்கீல் பார்க்கும் வரை முன்பணமும் கொடுக்கக் கூடாது. ஈ-காதா இல்லாமல் 2024 அக்டோபர் முதல் இந்த நகரில் பதிவே நடப்பதில்லை.

கடைசியாக, நான் இதுவரை வெளியில் சொல்லாத ஒன்று. 1996-ல் பதிவு நாளன்று, ஸப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில், பழைய வரி பாக்கி கொஞ்சம் இருப்பது தெரிந்தது. ஆயிரத்துச் சொச்சம்தான். நான் அதைச் சாக்காக வைத்து, "பத்தாயிரம் குறைத்துக் கொள்ளுங்கள்" என்றேன். பெரியவர் ஏற்கெனவே மைசூருக்குப் பணம் கட்டுவதாகச் சொல்லிவிட்டவர். திரும்பிப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஆகட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். சொன்னபடி மூன்றாம் மாதம் வீட்டைப் பெருக்கித் துடைத்துச் சாவியைக் கொண்டு வந்து கொடுத்தார். "உள்ளே வாங்கோ, ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்கோ" என்றாள் என் ஆத்துக்காரி. "வேண்டாம்மா" என்று வாசலோடு போய்விட்டார். க்ருஹப்ரவேசத்துக்கு அழைத்தேன், வரவில்லை. அன்று ராத்திரி இவள், "பத்தாயிரத்துக்கு ஒரு வாய் காபியை வித்துட்டேளே" என்றாள். முப்பது வருஷம் ஆகிறது. பேசி முடிக்கும் வரை குறைத்துக் கேட்டது தப்பில்லை, அது வியாபாரம். பேசி முடித்த பிறகு, அவர் கை கட்டப்பட்டிருக்கும்போது கேட்டது வேறு.

போன டிசம்பரில் பதிவுக்கு முதல் நாள், கீஸர் ஓடவில்லை, ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்லலாம் என்றார் மாப்பிள்ளை. அவரை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, புது கீஸர் வாங்கிக் கொண்டார். விற்ற பையன் புனேயிலிருந்து பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லிப் பேசினான். முந்தின நாள்தான் பிளம்பரின் நம்பரையும் அனுப்பியிருந்தான்.

இதற்கு மேல் பேசினால் சுண்டல் ஆறிவிடும். கணக்கில் ஸந்தேகம் உள்ளவர்கள் பனசங்கரியில் எங்கள் அகத்துக்கே வரலாம். காபி உண்டு.