பிந்தி வரும் உறக்கம்

வைகறையில் கண் விழிப்பதை நம் நாட்டார் ஒரு நற்குணமாகவே போற்றி வந்திருக்கின்றனர். குழந்தைகளுக்கென ஔவையார் அருளிய ஆத்திசூடியிலும் அந்த அறிவுரை இடம்பெற்றிருக்கிறது. கோழி கூவுமுன் எழுந்து வாசல் தெளிக்கும் வீட்டைப் புகழ்கிறோம்; இருள் பிரியுமுன் எழுந்து பாடம் படிக்கும் பிள்ளையைப் பாராட்டுகிறோம். வெயில் ஏறிய பின்னும் போர்வைக்குள் கிடப்பவனுக்கோ நாம் வழங்கும் பெயர் ஒன்றுதான்: சோம்பேறி. இந்தப் பெயர் அத்தகையோர் எல்லோருக்கும் பொருந்துமா என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

ஒரு கல்லூரி மாணவனை நினைத்துக்கொள்வோம். அவன் படிப்பில் ஆர்வம் உள்ளவன். பெரியோர் சொல்லை மதிப்பவன். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறான். உறக்கம் வரவில்லை. பதினொன்று அடிக்கிறது, பன்னிரண்டும் அடிக்கிறது. வீடு முழுவதும் உறங்குகிறது. அவன் மட்டும் புரண்டுகொண்டிருக்கிறான். மூன்று மணி அளவில்தான் கண் அயர்கிறான். ஆறு மணிக்குத் தாய் வந்து எழுப்புகிறாள். தட்டுத் தடுமாறி எழுந்து கல்லூரிக்குப் போகிறான். முதல் வகுப்பில் ஆசிரியர் சொல்வது காதில் விழுகிறது, கருத்தில் பதிவதில்லை. பிற்பகல் கழிந்து மாலை வந்ததும் மூளை தெளிகிறது. இரவு பத்து மணிக்கோ, மற்றவர்கள் கொட்டாவி விடும்போது, அவன் அறிவு மிகக் கூர்மையாக விளங்குகிறது.

விடுமுறை நாளில் அவனை எவரும் எழுப்புவதில்லை. அன்று மூன்று மணிக்கு உறங்கிப் பதினொரு மணிக்குத் தானாகவே எழுகிறான். எட்டு மணி நேரம் இடையறாத ஆழ்ந்த உறக்கம். எழுந்ததும் களைப்பில்லாத முகம். இந்தச் செய்தியை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உறக்கமின்மையால் வருந்துபவனுக்கு நேரம் கிடைத்தாலும் நல்ல உறக்கம் வாய்ப்பதில்லை. இவனுக்கோ உறக்கம் குறைவின்றி வருகிறது. ஆனால் பிந்தி வருகிறது.

ஏன் பிந்தி வருகிறது? அதை அறிய முதலில் செடிகொடிகளிடம் செல்வோம். நம் சாலையோரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாலை வந்ததும் அதன் இலைகள் கூம்பிவிடும், காலையில் விரியும். புளிய மரத்திலும் இதைக் காணலாம். கதிரவன் மறைவதால்தான் இலை கூம்புகிறது என்று நாம் எண்ணுவோம். 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானநூல் அறிஞர் டெ மைரான் என்பவர் இந்த எண்ணத்தைச் சோதித்தார். இவ்வாறு இலை கூம்பும் செடி ஒன்றை வெயில் படாத இருட்டில் வைத்தார். அங்கும் அது பகல் வேளையில் இலையை விரித்தது. இரவு வேளையில் மூடியது. கதிரவனைக் காணாமலே அது காலத்தை அறிந்திருந்தது. செடிக்குள்ளேயே ஏதோ ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா?

மனிதனுக்குள்ளும் அத்தகைய கடிகாரம் உண்டு. 1962-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மிஷல் சிஃப்ர் என்னும் பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு குகைக்குள் இறங்கினார். கையில் கடிகாரம் இல்லை. கதிரவன் ஒளியும் இல்லை. பசித்தபோது உண்டார், உறக்கம் வந்தபோது உறங்கினார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 14-ஆம் நாள், அவரை மேலே அழைத்தபோது, அன்று ஆகஸ்டு 20 என்றே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நாட்களை எண்ணுவதில் அறிவு தவறிவிட்டது. உடலோ தவறவில்லை. அவர் உறங்கி விழித்த சுற்று ஏறத்தாழ இருபத்து நான்கரை மணி நேரமாகவே அமைந்திருந்தது.

நம் மதுரையிலும் இந்தத் துறையில் அரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய தோழர்களும் குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். 1981-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. வெளிச்சமே எட்டாத குகையின் உட்பகுதியில் கூண்டில் வைத்த வௌவாலும், தன் இனத்தார் அந்திப்பொழுதில் வெளியே பறந்து செல்வதையும் திரும்பி வருவதையும் உணர்ந்து, தன் கடிகாரத்தை அவர்களுடைய நேரத்தோடு பொருத்திக்கொண்டது. அந்த உறவு இல்லாதபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போயிற்று. கடிகாரம் உள்ளே இருந்தாலும் அதை வெளியே உள்ள ஏதோ ஒன்று நாள்தோறும் திருத்த வேண்டியிருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

மனிதனுக்குள் இருக்கும் தலைமைக் கடிகாரம் மூளையில், கண்ணிலிருந்து வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே அமைந்திருக்கிறது. வலமும் இடமுமாக இரண்டு சிறு திரள்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள். அவ்வளவே. உடலின் வெப்பம் ஏறுவதும் இறங்குவதும், சுரப்பிகள் சுரப்பதும் இதன் ஆணைக்கு அடங்கியவை. இந்தக் கடிகாரம் பெரும்பாலோருக்கு நாளொன்றுக்குச் சில நிமிடம் மெதுவாக ஓடும். ஆகவே நாள்தோறும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். மனிதனைப் பொறுத்தவரை அந்த வேலையைச் செய்வதில் முதன்மையானது ஒளியே. காலை ஒளி கடிகாரத்தை முன்னே நகர்த்தும். இரவில் காணும் ஒளி பின்னே தள்ளும்.

சிலருடைய கடிகாரம் இயல்பாகவே பிந்தி நிற்கிறது. 1981-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மருத்துவர்களான எலியட் வைட்ஸ்மன், சார்லஸ் சைஸ்லர் முதலியோர் இதை ஒரு தனிக் கோளாறாக விளக்கி எழுதினர். உறக்கம் வரவில்லை என்று முறையிட்டு வந்த 450 பேரை அவர்கள் ஆராய்ந்தபோது, 30 பேர் நாம் மேலே கண்ட மாணவனைப் போன்றவராக இருந்தனர். உறக்க நேரம் பிந்திய நிலை என்று அதற்குப் பெயரிட்டனர். 2017-இல் ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் யங் என்பாரும் அவர் குழுவினரும், உடற் கடிகாரத்தோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் நேர்ந்த சிறு மாறுதல் சில குடும்பங்களில் இந்தக் கோளாற்றை உண்டாக்குகிறது என்று கண்டனர். உடற் கடிகாரத்தின் நுட்பத்தை ஆராய்ந்ததற்காக அதே ஆண்டில் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். தந்தையின் மூக்கும் தாயின் நிறமும் பிள்ளைக்கு வருவது போல, பிந்திய கடிகாரமும் சிலருக்குப் பிறப்பிலேயே வருகிறது. அதற்காக ஒருவனைப் பழிப்பது எவ்வாறு தகும்?

இளைஞர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். குழந்தைப் பருவம் நீங்கி வாலிபம் தொடங்கும்போது எல்லோருடைய கடிகாரமும் சற்றே பிந்துகிறது. ஏறத்தாழ இருபது வயதுவரை அது பிந்திக்கொண்டே போய், பிறகு மெல்லத் திரும்புகிறது. ஆகையால் இந்தக் கோளாறு மாணவப் பருவத்தில்தான் மிகுதியாகக் காணப்படுகிறது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையில் உள்ளவர்க்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. மூன்று மணி நேரம் உறங்கி வகுப்பில் உட்காருபவனுக்கு நினைவாற்றல் குன்றும், சினம் எளிதில் வரும், உள்ளம் சோர்ந்துபோகும். அரைத் தூக்கத்தில் சாலையில் வண்டி ஓட்டினால் உயிருக்கே கேடு நேரலாம். இவ்வளவுக்கும் மேலாக, ‘நான் உதவாக்கரை’ என்ற எண்ணம் அவன் நெஞ்சில் வேரூன்றிவிடுகிறது. சுற்றியிருப்பவர் பல ஆண்டுகள் சொல்லிவரும் சொல்லை இறுதியில் அவனே நம்பிவிடுகிறான்.

ஆனால் ஒன்று. பிந்தி உறங்கும் எல்லோரும் இந்தக் கோளாறு உடையவர் அல்லர். நள்ளிரவு வரை கைப்பேசித் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘என் கடிகாரம் பிந்தியது’ என்று சொல்வது முறையாகாது. அந்தத் திரையின் ஒளியே கடிகாரத்தைப் பின்னே தள்ளக்கூடியது. கதையும் விளையாட்டும் மனத்தை விழிக்க வைப்பவை. முதலில் அவற்றை விலக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரம், படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அவ்வளவு ஒழுங்காக இருந்தும் உறக்கம் மூன்று மாதத்திற்கு மேலாகப் பிந்தியே வருமானால், அந்தக் குறிப்பேட்டோடு டாக்டரிடம் செல்லுங்கள்.

இதற்கு மருத்துவம் உண்டு. அதில் நேரம் அறிந்து செய்தலே முக்கியம். நம் உடலின் வெப்பம் இரவில் மெல்லக் குறைந்து, இயல்பாக விழிக்கும் நேரத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு மிகவும் தாழ்ந்த நிலையை அடைகிறது. அந்த நிலைக்குப் பின் கண்ணில் படும் ஒளியே கடிகாரத்தை முன்னே கொண்டுவரும். அதற்கு முன் படும் ஒளி எதிரான பலனைத் தரும். மூன்று மணிக்கு உறங்கும் பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பிப் பளிச்சென்ற விளக்கின்கீழ் அமர்த்திப் படிக்கச் சொல்லும் பெற்றோர் உண்டு. பத்து மணிக்கு உறங்குபவரைப் பதினொரு மணிக்கு எழுப்பினால் எப்படியோ, அப்படித்தான் அது. அவன் கடிகாரத்துக்கு அது நடு இரவுகூட அன்று. அந்த விளக்கொளியால் அவன் உறக்கம் முந்துவதற்குப் பதிலாக மேலும் பிந்திப்போகக் கூடும். நல்லெண்ணத்தோடு செய்யும் காரியமே தீங்காக முடிகிறது.

ஆகவே, தானாக விழிக்கும் நேரத்தை ஒட்டி எழுந்து, உடனே வெளியே சென்று காலை ஒளியில் உலாவ வேண்டும். சில நாளுக்கு ஒரு முறை எழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவரலாம். மாலைக்குப் பிறகு வீட்டில் விளக்கொளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இருளில் நம் மூளையிலுள்ள சிறு சுரப்பி ஒன்று மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. ‘இரவு வந்துவிட்டது’ என்று உடலுக்கு அது அறிவிக்கிறது. அந்தப் பொருளைச் சிறிய அளவில், உறங்கும் நேரத்திற்குச் சில மணி நேரம் முன்பே, டாக்டர்கள் சிலருக்குக் கொடுப்பதுண்டு. டாக்டரின் யோசனையின்றி அதை உட்கொள்ளலாகாது. திருத்திய நேரத்தை விடுமுறை நாளிலும் காக்க வேண்டும். இரண்டு நாள் விட்டுவிட்டால் கடிகாரம் பழைய இடத்துக்கே ஓடிவிடும். இவ்வளவு செய்தும் முழுப் பலன் காணாதவர்களும் உண்டு. அவர்கள் தம் இயல்புக்கு ஏற்ற வேலையைத் தேடிக்கொள்வது அறிவுடைமையே. இரவில் விழித்திருப்பவர் இல்லாமல் மருத்துவமனையும் இரயில் நிலையமும் செய்தித்தாளும் நடைபெறுமா?

தனி மனிதன் மட்டும் மாறினால் போதாது; சமுதாயமும் சிறிது இடம் கொடுக்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினர். ‘மாணவர் இன்னும் பிந்தி உறங்குவர், பயன் இராது’ என்று எண்ணத் தோன்றும். ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோதோ, மாணவர்களின் உறக்கம் பள்ளி நாட்களில் சராசரியாக 34 நிமிடம் கூடியிருந்தது. கலிபோர்னியா மாநிலத்தில், சில கிராமப்புறப் பள்ளிகள் நீங்கலாக, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரை மணிக்கு முன் தொடங்கலாகாது என்ற சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கு முன்பே தனி வகுப்புக்கும், விடுதியில் விடியுமுன் படிப்புக்கும் நம் பிள்ளைகளை அனுப்புகிறோமே, அதனால் பெறுவது எவ்வளவு, இழப்பது எவ்வளவு என்று நாமும் ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மாணவ நண்பர்களே! வைகறையில் எழுவது நல்லது என்ற முன்னோர் சொல்லை நான் மறுக்கவில்லை. இயன்றவர்கள் அவ்வாறே எழுங்கள். ஆனால் உங்களோடு படிக்கும் ஒருவன் முதல் வகுப்பில் கண் சொருகி அமர்ந்திருந்தால், நகைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “நேற்று எத்தனை மணிக்கு உறக்கம் வந்தது?” அந்தக் கேள்வியை அதுவரை அவனிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் சொல்லும் விடையைக் கேட்டு, ஆசிரியரிடமோ டாக்டரிடமோ அவனை அழைத்துச் செல்லுங்கள். ஓர் ஆண்டுப் படிப்பை, சில சமயம் ஒரு வாழ்க்கையையே, அது காப்பாற்றக் கூடும்.