அப்பாவுக்கு கிறிஸ்டா, மகனுக்கு ஹைகிராஸ்: ஹைபிரிட் இன்னோவா யாருக்கு?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒண்ணே ஒண்ணை இன்னைக்கு முழுசா எடுத்துக்கிறேன். வேளச்சேரியில வீடு, சிறுசேரியில வேலை. வீட்டுல ஆறு பேர், அதுல பாட்டிக்கு 80 வயசு. வருஷத்துக்கு மூணு தடவை திருநெல்வேலி. "அப்பா டீசல் கிறிஸ்டாதான்னு நிக்கிறார். நான் ஹைகிராஸ் ஹைபிரிட்ங்கிறேன். நாலு மாசமா வீட்டுல இதே சண்டை. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" அப்படின்னு எழுதியிருக்கார்.

சரி, முதல்ல அப்பா கட்சியைக் கேட்போம். 2005-ல வந்த இன்னோவாவும் சரி, 2016-ல வந்த கிறிஸ்டாவும் சரி, அடியில ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதுமேல பாடி. பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். 2022 கடைசியில வந்த ஹைகிராஸ்ல இது எதுவுமே இல்லை. சட்டமும் பாடியும் ஒண்ணான மோனோகாக், முன்சக்கர இழுவை, டீசலே கிடையாது, மேனுவல் கியரும் கிடையாது. ஆக, "இது இன்னோவாவே இல்லடா"ன்னு அப்பா சொன்னா, டெக்னிக்கலா அவர் சொல்றது சரிதான்.

ஆனா அந்த மாற்றத்தாலதான் தரை தாழ்ந்திருக்கு. பழைய வண்டியில பாட்டி ஏறும்போது ஒருத்தர் கீழிருந்து தாங்கணும், ஒருத்தர் உள்ளேருந்து கை கொடுக்கணும். ஹைகிராஸ்ல அந்தப் பாடு கம்மி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 10 சென்டிமீட்டர் கூடுதலா கிடைச்சிருக்கு. அதோட பலன் பின்வரிசைக் கால்களுக்குத் தெரியும்.

இப்போ ஹைபிரிட் விஷயம். சார்ஜர்ல மாட்டுற வண்டி இல்லை இது. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கூட ஒரு மின் மோட்டார், ரெண்டும் சேர்ந்தா 186 பி.எஸ். சக்தி. பிரேக் மிதிக்கும்போது வழக்கமா சூடா வீணாப்போற சக்தியில ஒரு பகுதியை மோட்டார் மின்சாரமா மாத்தி பேட்டரியில போட்டுவைக்கும். அடுத்த தடவை நகரும்போது அதை எடுத்துச் செலவு பண்ணும். அதனால நின்னு நின்னு போற ரோட்டுலதான் இதுக்கு லாபம். சோழிங்கநல்லூர் சிக்னல் இதுக்கு விருந்து. இன்னொண்ணு, ஏசி கம்பிரஸர் மின்சாரத்துல ஓடுது. சிக்னல்ல இன்ஜின் அணைஞ்சாலும் ஏசி நிக்காது. மே மாசம் சென்னையில இதோட அருமை தெரியும்.

திருநெல்வேலி ரோட்டுல கதை வேற. 100-ல சீரா போறப்ப பிரேக்கே மிதிக்க மாட்டீங்க, பேட்டரிக்குத் திரும்ப வர்றதுக்கு என்ன இருக்கு? அங்கேயும் மைலேஜ் மோசமில்லை, ஆனா டிராஃபிக்ல கிடைக்கிற அந்த மேஜிக் இருக்காது. மலைப்பாதையில இன்னொரு விஷயம் கவனிக்கணும். பேட்டரி ரொம்பச் சின்னது. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இறங்குறீங்கன்னா, பாதி வழியிலேயே நிரம்பிடும். அதுக்கப்புறம் மோட்டார் பிடிமானம் குறையும். அப்போ இன்ஜின் சுத்தி வண்டியைப் பிடிக்கும், திடீர்னு உறுமுற சத்தம் வரும். பயந்துடாதீங்க.

இப்போ காசு. இந்த இடத்துலதான் மகன் என்மேல கோவப்படப்போறார். ஹைகிராஸ்லயே ஹைபிரிட் இல்லாத பெட்ரோல் வண்டி இருக்கு. ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக் கணக்குல அது லிட்டருக்கு 16.13, ஹைபிரிட் 23.24. மாசம் 1,000 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சா, மிச்சம் 19 லிட்டர், 1,900 ரூபாய். ரெண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 5 லட்சம்னு வச்சுக்குவோம். அதைத் திரும்ப எடுக்க கிட்டத்தட்ட 22 வருஷம்! ஓ.எம்.ஆர். நெரிசல்ல வித்தியாசம் இன்னும் கூடும்தான். பெட்ரோல் 10, ஹைபிரிட் 16 கொடுக்குதுன்னு தாராளமா வச்சாக்கூட 11 வருஷம். ஹைபிரிட் பேட்டரிக்கு வாரண்டி 8 வருஷம் இல்லைன்னா 1,60,000 கிலோமீட்டர். போட்ட காசு வர்றதுக்கு முன்னாடி வாரண்டி முடிஞ்சுடும். மாசம் 3,000 ஓட்டுறவங்களுக்கு இந்தக் கணக்கே வேற. உங்க மாதிரி வீட்டுக்கு இதுதான்.

"பாதி எலெக்ட்ரிக், அதனால வரி கம்மி"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2025 செப்டம்பர் 22-லேருந்து இந்த அளவு ஹைபிரிட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். முழு எலெக்ட்ரிக்குக்குத்தான் 5.

அப்புறம் மேல் வேரியண்ட்ல பனோரமிக் சன்ரூஃப், காலை நீட்டிப் படுக்கிற ஆட்டோமன் சீட்டு எல்லாம் இருக்கு. ஆட்டோமன் சீட்டு, டிரைவர் ஓட்ட பின்னாடி சாய்ஞ்சு போற முதலாளிக்கு. ஆறு பேர் போற குடும்பத்துல நடுவரிசைல ஒருத்தர் காலை நீட்டினா பின்னாடி இருக்கிறவர் காலை மடக்கணும். அந்தக் காசுக்கு, தானா பிரேக் போடுற, லேனை விட்டு விலகினா எச்சரிக்கிற பாதுகாப்பு வசதிகளைப் பாருங்க. அதுவும் மேல் வேரியண்ட்லதான் கிடைக்குதுங்கிறது எனக்கு எரிச்சல்.

சரி, தீர்ப்பு. கிறிஸ்டா இப்போ டீசல், மேனுவல் மட்டும்தான். தினமும் சிறுசேரிக்கு கிளட்ச் மிதிக்கப்போறது மகன், அப்பா இல்லை. பாட்டி ஏறி இறங்கணும். அதனால ஹைகிராஸ். ஆனா "பெட்ரோல் மிச்சம்"னு அப்பாகிட்ட வாதாடாதீங்க தம்பி, அவர் ஒரு பேப்பர் எடுத்தா நீங்க தோத்துடுவீங்க. அமைதி, ஏசி, இடது காலுக்கு ஓய்வு, இதுக்குத்தான் அந்த 5 லட்சம்னு நேரா சொல்லுங்க. அதுக்காக இ.எம்.ஐ. கழுத்தைப் பிடிக்கும்னா பெட்ரோல் ஹைகிராஸே போதும், அதுலயும் கிளட்ச் கிடையாது.

டெஸ்ட் டிரைவுக்கு ஆறு பேரையும் கூட்டிட்டுப் போங்க. பாட்டியை நடுவரிசையில உக்கார வைங்க. அப்பாவை கடைசி வரிசையில.