சிதம்பரத்துப் பல்கலைக் கழகம் நமக்கும் உரியது



சிதம்பரத்துக்குக் கிழக்கே, வயல்களுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அண்ணாமலைப் பல்கலைக் கழகம் இருக்கிறது. 1920ல் அண்ணாமலை செட்டியார் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929ல் அது பல்கலைக் கழகமாயிற்று.

அங்கே தமிழும் இசையும் கற்பிக்கிறார்கள், வேளாண்மையும் கற்பிக்கிறார்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் மீன், இறால் பற்றி ஆராய்கிறார்கள். வயலும் கடலும் நம் மக்களின் பிழைப்பு. அந்தப் படிப்பு நம் பிள்ளைகளுக்கு எட்டுகிறதா?

நெடுங்காலம் நிர்வாகம் நிறுவனர் குடும்பத்தின் கையில் இருந்தது. நிதி நெருக்கடி முற்றியது, ஊழியர்கள் போராடினார்கள். 2013ல் தமிழக சர்க்கார் சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. அப்படியும் மருத்துவக் கல்லூரியில், மற்ற சர்க்கார் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்டார்கள். மாணவர்கள் வாரக் கணக்கில் போராடினார்கள். 2021ல் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. சர்க்கார் கல்லூரிக் கட்டணமே அங்கும் என்றாயிற்று. யாரும் தானாகத் தரவில்லை, கேட்டுப் பெற்றார்கள்.

ஆகவே, பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையை, "நமக்கெதற்குக் காலேஜ்?" என்று மில்லுக்கோ நடவுக்கோ அனுப்பிவிடாதீர்கள். கட்டணம் எவ்வளவு, உதவித் தொகை உண்டா என்று போய்க் கேளுங்கள். நம் வரிப் பணத்தில் நடக்கும் கல்விச்சாலை அது. கூசாமல் உள்ளே போவோம்!