பேத்தியும் நானும் ஒரு வினைச்சொல்லும்

(பிப்ரவரி 21 தாய்மொழி நாளை ஒட்டி நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன்.)



நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், கிளார்க்காக. இலக்கணம் பேச எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்பில் தமிழ் ஐயா மனப்பாடம் செய்ய வைத்த பகுபத உறுப்பிலக்கணம்தான் என் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு இன்று ஒரு இத்தாலிய வினைச்சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக்காரர்களுக்கு இத்தாலி என்றால் மார்பிள். பெரிய வீடுகளுக்குப் பர்மா தேக்கோடு கப்பலில் வந்து இறங்கியது. எங்கள் வீட்டில் இத்தாலி என்றால் பேத்தி. மகளும் மருமகனும் டுரின் நகரில் வேலை பார்க்கிறார்கள். பேத்திக்கு ஏழு வயது, அங்கேயே பிறந்தவள். ஞாயிறு சாயங்காலம் வீடியோ காலில் வருவாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பார்க்குக்குப் போயிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டேன். "ஆமா ஐயா, இப்பத்தான் வரினேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அதோடு விட்டேனா? என் மனைவியைக் கூப்பிட்டு, "ஆயாகிட்ட இன்னொரு தடவை சொல்லு" என்றேன். அவள் சொல்லவில்லை. அடுத்த வாரம் கேட்டதற்கெல்லாம் இத்தாலிய மொழியில் பதில் சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் கையை ஆட்டிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். "தப்பாச் சொன்னா ஐயா சிரிப்பாங்கன்னு பயப்படுறாப்பா" என்றாள் மகள்.

வங்கியில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் டேலி ஆகும்வரை வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். அன்று ராத்திரி எனக்கு அதே வேலைதான். அவள் எங்கே தப்புச் செய்தாள்? பாடு, பாடினேன். ஓடு, ஓடினேன். பேசு, பேசினேன். அப்படியென்றால் வரு, வரினேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது! விதியை மீறியது குழந்தை இல்லை, 'வா' என்ற சொல்தான்.

உங்களுக்கும் நினைவிருக்கும். 'வந்தான்' என்பதைப் பிரித்தால் வா + த் + த் + ஆன். 'வா' என்பது 'வ' என்று குறுகியது விகாரம். சந்தி 'த்' என்பது 'ந்' ஆனது விகாரம். ஒரே சொல்லில் இரண்டு விகாரம். நிகழ்காலத்தில் அதுவே 'வரு' என்று மாறி வருகிறேன், எதிர்காலத்தில் வருவேன், ஏவலில் வா. ஒரு வினைக்கு மூன்று முகம். நாம் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காதால் கேட்டே பழகிவிட்டோம்.

சரி, அவளுடைய மொழியில் 'வா' எப்படி இருக்கிறது என்று மகளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். 'வருதல்' என்பதற்கு அவர்கள் சொல் 'வெனீரே'. நிகழ்காலம் இப்படி:

நான் வருகிறேன் – வெங்கோ
நீ வருகிறாய் – வியேனி
அவன், அவள் – வியேனே
நாம், நாங்கள் – வெனியாமோ
நீங்கள் – வெனீத்தே
அவர்கள் – வெங்கொனோ

பார்த்தீர்களா, அங்கேயும் ஒரே சொல்லுக்கு மூன்று முகம்: வெங், வியேன், வென். நாம், நாங்கள் என்ற பிரிவு அவர்களுக்கு இல்லை. வருகிறான், வருகிறாள் என்ற பிரிவும் நிகழ்காலத்தில் இல்லை. இறந்தகாலத்தில் வேறு மாதிரி. 'வந்தேன்' என்று நான் சொன்னால் 'சோனோ வெனூத்தோ', பேத்தி சொன்னால் 'சோனோ வெனூத்தா'. பேசுவது ஆணா பெண்ணா என்பது தன்மையிலேயே தெரிந்துவிடும். நமக்குப் படர்க்கையில்தான் அது தெரியும். 'வென்னி' என்று இன்னொரு இறந்தகாலமும் உண்டு. டுரின் போன்ற வடபகுதிகளில் அது பேச்சில் அவ்வளவாக வராது, கதைப் புத்தகங்களில்தான் வரும்.

ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதிப் பழகினேன். அடுத்த ஞாயிறு பேத்தி ஓடுவதற்குள், 'நான் வருவேன்' என்று அவள் மொழியில் சொல்லிப் பார்த்தேன். தூங்குவதற்கு 'தொர்மீரே', தூங்குவேன் என்பதற்கு 'தொர்மிரோ'. அந்தக் கணக்கில், "வெனிரோ!" என்றேன்.

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "நோ ஐயா! வெர்ரோ!" நானும் விதிப்படிதான் போட்டேன். முன்னொரு காலத்தில் அது 'வெனிரோ' போலத்தான் இருந்திருக்கிறது. நடுவில் இருந்த இகரம் விழுந்து, 'ன்' பக்கத்து 'ர்' போலவே ஆகி, 'வெர்ரோ' என்று நின்றுவிட்டது. அவளுடைய 'வரினேன்' என் வாயில் 'வெனிரோ' ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அன்று பத்து நிமிஷம் எனக்குப் பாடம் நடத்தினாள்.

இங்கே ஒரு கேள்வி. ஏன் வா, தா, போ போன்ற சின்னச் சொற்களே பல மொழிகளில் இப்படி முரண்டு பிடிக்கின்றன? ஆங்கிலத்திலும் கோ, வென்ட், கம், கேம். காரணம் புழக்கம். எப்போதாவது வரும் சொல்லை நாம் விதியைப் போட்டுத்தான் உருவாக்குகிறோம், அதனால் அது ஒழுங்காகிவிடும். தினமும் நூறு தடவை காதில் விழும் சொல்லுக்கு விதி வேண்டாம், அப்படியே மனதில் நின்றுவிடும், பழைய உருவம் அழியாது. 'வந்தேன்' என்பதைக் குழந்தை கணக்குப் போட்டுச் சொல்வதில்லை, கேட்டதைச் சொல்கிறது. ஏழு வயதில் ஒரு குழந்தை 'வரினேன்' என்றால், அந்தச் சொல் அவள் காதில் போதுமான தடவை விழவில்லை என்று அர்த்தம். பற்று என் கணக்கில். அதற்குப் போய் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அவள் நடத்திய பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது காலங்கள் இல்லை, வினையின் மனநிலைகள். நடந்ததையும் நடப்பதையும் நேராகச் சொல்வது ஒரு வகை. ஏவல் ஒரு வகை, 'வியேனி' என்றால் 'வா'. நிபந்தனை ஒரு வகை, 'வெர்ரெய்' என்றால் 'வருவேன்தான், ஆனால்...' என்று இழுப்பது. நான்காவது 'கொஞ்சுந்தீவோ'. ஆசை, சந்தேகம், நம்பிக்கை எல்லாம் இதில் அடக்கம். 'அவள் வருவாள் என்று தெரியும்' என்பதற்கு 'வெர்ரா' என்கிறவர்கள், 'வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்' என்றால் 'வெங்கா' என்று மாற்றிவிடுவார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் அது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தொகை இருக்கிறது, ஆனால் இன்னும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்த 'வெங்கா'வையே மரியாதைக்கும் வைத்திருக்கிறார்கள். பெரியவரைப் பார்த்து 'வியேனி' என்று சொல்லக்கூடாது, 'வெங்கா' என்று சொல்ல வேண்டும். நம் வியங்கோள் வினைமுற்றும் இதே மாதிரிதான். 'வருக' என்பது வேண்டுதலும் ஆகும், மரியாதையும் ஆகும். அவர்கள் 'வீவா' என்று கோஷம் போடுவதும் நம் 'வாழ்க'தான். கல்யாண வீட்டில், "என்னை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்று வருஷக்கணக்கில் மனஸ்தாபம் வைத்திருக்கும் ஊர் நம் ஊர். இதன் அருமை நமக்குப் புரியும்.

இந்த வழியில் நமக்கு 300 வருஷம் முன்னாலேயே ஒருவர் நடந்திருக்கிறார். இத்தாலியில் 1680-இல் பிறந்த ஜோசப் பெஸ்கி, 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, மதுரை மிஷனுக்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். தேம்பாவணி பாடினார், 1732-இல் சதுரகராதி தந்தார். நாம் சின்ன வயதில் படித்துச் சிரித்த பரமார்த்த குரு கதையும் அவருடையதே. வளர்ந்த பிறகு தமிழ் படித்தவர், 'வந்தான்' என்பதன் இரண்டு விகாரத்தையும் ஒவ்வொன்றாகக் கற்றிருப்பார். அவர் செய்த ஒரு காரியம் நமக்குப் பாடம். செந்தமிழ் இலக்கணத்தோடு நிற்காமல், மக்கள் பேசும் தமிழுக்கென்று தனியாக லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அது அச்சானது. புதிதாக வருகிறவனுக்குப் பேச்சுத் தமிழ் தனியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் 'வருகிறேன்' என்று காட்டிவிட்டு, போனில் 'வாரேன்' என்று பேசிக் குழப்புகிறோம்.

நம் நகரில் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நிறைய. அவர்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள், ரசித்துக்கூடச் சிரிக்காதீர்கள். இரண்டு, திருத்தாதீர்கள். "ஓ, இப்பத்தான் வந்தியா? யாரோட வந்த?" என்று சரியான சொல்லை உங்கள் பேச்சில் இரண்டு தடவை வையுங்கள், அது போய்ச் சேரும். மூன்று, "சாப்டியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு "ம்" என்பதே பதில். "எப்படி வந்த, எப்ப வருவ, நேத்து யார் வந்தா?" என்று கேளுங்கள். வினைச்சொல் வினைச்சொல்லோடுதான் விளையாடும்.

மே மாதம் பேத்தி வருகிறாளா என்று கேட்கிறீர்கள். மருமகனுக்கு லீவு கிடைக்க வேண்டும். அதனால் இப்போதைக்கு 'வெர்ரா' என்று எழுத முடியவில்லை, 'வெங்கா'தான்.

ஆனால் போன ஞாயிறு போனை வைக்கும்போது, "போயிட்டு வாரேன் ஐயா" என்றாள். இரண்டு வினைச்சொல், இரண்டும் விதிக்கு அடங்காதவை, இரண்டும் சரியாக வந்தன. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. "வாம்மா" என்றேன்.

நானும் போயிட்டு வாரேன்.