மஞ்சளும் கிராம்பும் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பேசச் சொன்னதும் "என்னத்தைப் பேசுறது?" என்று யோசித்தேன். ஜெயித்த கதை சொல்ல இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். நான் தோற்ற கதையைச் சொல்கிறேன்.

இறுதியாண்டில் எங்கள் புராஜெக்ட், மீன் கெடாமல் இருக்கத் தாவரச் சாறு. "மீனை அலசி மஞ்சத்தூள் தடவி வைடா, கெடாது" என்று அம்மா சொன்னதுதான் ஆரம்பம். மஞ்சள், கிராம்புச் சாறுகளை அகார் தட்டில் வைத்தோம். மறுநாள் பார்த்தால் கிராம்பைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய வட்டம்! துள்ளிக் குதித்தோம். சிதம்பரத்தில் முதல் பஸ் பிடித்து, கடலூர் முதுநகரில் கானாங்கெளுத்தி வாங்கி வந்து, அதே சாற்றைத் தடவி, ஐஸ் இல்லாமல் வைத்தோம். சாயங்காலத்துக்குள் நாற்றம் விடுதி வரை வந்துவிட்டது!

காரணம் பிறகுதான் புரிந்தது. கிராம்பிலுள்ள யூஜெனால் கிருமியின் செல் சவ்வைச் சிதைக்கும், உண்மைதான். ஆனால் அது எண்ணெயில் கரையும் பொருள். மீனின் கொழுப்பு அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். கிருமியோ ஈரத்தில் இருக்கிறது. அளவைக் கூட்டினால் மீன் பல்பொடி மாதிரி மணக்கும். மேலும், கானாங்கெளுத்தி, சூரை போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். குழம்பாகக் கொதிக்க வைத்தாலும் அது போகாது.

வேலைக்குப் போனபின் பட்ட அடி இன்னும் பெரிது. ஒரு சிறிய ஊறுகாய்த் தொழிற்கூடம்; பூண்டுத் தொக்கு. 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்று லேபிள் போட ஆசை. பென்சோயேட்டை எடுத்துவிட்டுக் கிராம்பு எண்ணெய் சேர்த்தோம். ருசிக்காக உப்பையும் புளிப்பையும் குறைத்தோம். சரி என்று கையெழுத்து போட்டவன் நான்தான். சில வாரங்களில் பாட்டில் மூடிகள் உப்பின. கடைகளுக்குப் போனதையெல்லாம் திரும்ப எடுத்தோம். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆனால் அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்ட 30-க்கும் மேற்பட்டோரை பொட்டுலிசம் தாக்கியது என்று அப்போதுதான் படித்தேன். பூண்டில் அல்லிசின் என்ற கிருமித் தடுப்பான் இருப்பது 1944-லேயே தெரிந்த விஷயம். அந்தப் பூண்டே காற்றுப் புகாத எண்ணெயில், புளிப்பும் குளிரும் இல்லாமல் இருந்தால் கொடிய கிருமிக்கு வீடாகிவிடும். பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. நாங்கள் குறைத்தது அந்தப் புளிப்பைத்தான்!

சரி, இயற்கை என்றாலே நல்லதா? நம்ம சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த தில்லை மரம் பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. அதன் இலைச் சாறு ஆய்வுக்கூடத்தில் கிருமிகளைத் தடுத்திருக்கிறது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதைச் சோற்றில் சேர்ப்போமா?

தாவரச் சாறே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது துணைக்கு நல்லது. தனியாகக் காவலுக்குப் போதாது. ஜெர்மானிய விஞ்ஞானி லைஸ்ட்னர், ஒரே பெரிய தடைக்குப் பதில் பல சிறு தடைகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். நம்ம பாட்டியும் ஊறுகாயில் உப்பு, புளிப்பு, வெயில், கடுகு, நல்லெண்ணெய் என்று அதைத்தானே செய்தார்! நாங்கள் வாசனையை வைத்துக்கொண்டு உப்பையும் புளிப்பையும் விட்டுவிட்டோம்.

தம்பி தங்கைகளே, அகார் தட்டில் வட்டம் வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மீதியை அந்த உணவிலேயே, நம்ம ஊர் வெயிலிலேயே சோதித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கையெழுத்து போடுங்கள்.

முதுநகரில் மீன் வாங்கினால் ஐஸோடு கொண்டு வாருங்கள். மஞ்சளை வீட்டுக்கு வந்து தடவிக்கொள்ளலாம்.