வண்டி இரவில் எங்கே நிற்கிறது?

2024 டிசம்பரில் மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம் இ.மாஸ் 7 என்னும் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. அது நமக்கு ஒத்துவருமா என்று யோசிக்கும் அன்பர்கள், விலையை விசாரிக்குமுன் ஒன்றை விசாரியுங்கள். உங்கள் வண்டி இரவில் எங்கே நிற்கிறது?

வீட்டு முன்தாழ்வாரத்தில் நிற்குமானால், தொழுவத்து மாட்டுக்கு இராத்தீனி வைப்பதுபோல, சாதாரண மூன்று முள் பிளக்கில் மாலையில் மாட்டிவிட்ட வண்டியில், விடிவதற்குள் சுமார் நூறு கிலோமீட்டர் ஓடுவதற்கான சக்தி ஏறிவிடும். சிலாங்கூரின் பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து சுங்கை பெசாருக்கோ செகிஞ்சானுக்கோ போய்வர அது தாராளம்.

அங்கிருந்து அனுதினமும் கிள்ளானுக்கு உத்தியோகத்துக்குப் போகிறவர் விஷயம் வேறு. போகவர ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அந்த ஓரிரவுச் சக்தி போதாது. சுவரில் பொருத்தும் தனிச் சார்ஜர் வேண்டியிருக்கும்; அதன் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தோட்ட லயத்திலோ அடுக்குமாடியிலோ வசிப்பவர்கள், ஜன்னல் வழியே நீட்டுக் கம்பி இழுத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணுவது, சிக்கனமாகத் தோன்றினும், அபாயகரமானது. மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ந்தால் மெல்லிய கம்பி கொதித்துப்போகும். ஆகவே, வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து வீட்டு வயரிங்கைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கார்க் கடைக்கு அதன்பின் போகலாம்.